வெறும் சைக்கிள்தானே

மூன்ஸ்டர் நகரத்துப் பக்கம், ஆல்வர்பெக் கிராமத்தில் பறவை சுடும் திருவிழா ஜூன் மாதம் மூன்று நாள் நடக்கும். உயரமான கம்பத்தின் உச்சியில் மரக்கழுகு ஒன்றை ஏற்றி வைத்து, ஊர் ஆண்கள் வரிசையில் நின்று சுடுவார்கள். கடைசித் துண்டை எவன் விழ வைக்கிறானோ அவன்தான் அந்த ஆண்டுக்கு ராஜா. ராஜா ஊருக்கே பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதனால் கழுகு பாதி உடைந்த பிறகு நல்ல நல்ல ஆட்களுக்கெல்லாம் குறி தவற ஆரம்பித்துவிடும்.

அந்த மூன்று நாளும் ஊரில் ஒரு கார் அசையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதில் ஆல்வர்பெக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு. எல்லோரும் சைக்கிளில் வந்து, திருவிழாக் கூடாரத்து வேலி நெடுக சாய்த்து வைத்துவிட்டு, காலையிலேயே குடிக்க உட்கார்ந்து, சாயங்காலம் அதே சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். வழியில் யாராவது மக்காச்சோளக் காட்டுக்குள் போய்விட்டால் தேடமாட்டார்கள். காலையில் அவனே வந்துவிடுவான்.

லுட்கர் வெசென்டோர்ஃப் முப்பது ஆண்டாக இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. மாவட்டத்தின் குப்பை லாரி ஓட்டுநர். லாரியின் பின்படியில் தொங்கிக்கொண்டு தொட்டி இழுத்த காலம் போக, முப்பத்தைந்து வயதில் கனரக லைசென்ஸ் எடுத்தவர். எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை பாஸ் பண்ணினார். அந்த லைசென்ஸால்தான் மழையில் நனையாமல், சூடு ஏறுகிற இருக்கையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். இடுப்பு ஏற்கெனவே போய்விட்டது. மறுபடி பின்படியில் ஏறச் சொன்னால் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது என்று அவருக்கே தெரியும்.

அந்த ஆண்டு திருவிழாவின் கடைசி நாள் திங்கட்கிழமை. பட்டப்பகல், நல்ல வெயில். லுட்கர் கூடாரத்திலிருந்து கிளம்பி, ரயில்பாதைத் தெருவுக்குள் திரும்பி, ஒரு குப்பைத்தொட்டி மீது மோதினார்.

நீல மூடி போட்ட, பழைய காகிதம் போடுகிற தொட்டி. மறுநாள் காலை குப்பை எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்கள் முதல் நாளே எடுத்து வைத்திருந்தார்கள். தொட்டியைச் சாலை ஓரத்தில் ஒட்டி வைக்க வேண்டும், நடைபாதையில் வைக்கக் கூடாது, கைப்பிடி இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவோடு பல வருடமாகச் சண்டை போட்டவர் லுட்கர். தொட்டி ஓரத்தில், ஒட்டி, கைப்பிடி சரியான பக்கம் இருக்க நின்றது. அவர்தான் அதன் மேல் கிடந்தார். சைக்கிளின் முன்விளக்கு உடைந்து ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்தவர் கிஸ்பெர்ட். ஊர்த் தபால்காரர், லுட்கரின் கூட்டாளி. லுட்கர் குடித்ததைவிட ஒரு கோப்பை கூடத்தான் அவர் குடித்திருந்தார். தெருமுனையில் போலீஸ் கார் திரும்புவதைப் பார்த்ததும் கிஸ்பெர்ட் சைக்கிளிலிருந்து இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தார். தள்ளிக்கொண்டு போகிறவன் பாதசாரி. பாதசாரி எவ்வளவு குடித்திருந்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை.

"என்ன லுட்கர், வெயில் நல்லா அடிக்குதில்ல?" என்று கேட்டுவிட்டு அவரைக் கடந்து போய்விட்டார்.

காரிலிருந்து இறங்கியது ஒரு போலீஸ்காரப் பெண். முதலில் லுட்கரைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு தொட்டியின் மூடியைச் சரியாக மூடி வைத்தார்.

"சைக்கிள் ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?"

"தள்ளிட்டு வந்தா இவ்வளவு வேகமா எப்படி மேடம் விழ முடியும்?"

"எவ்வளவு குடிச்சீங்க?"

"இன்னைக்கா, மூணு நாளைக்கும் சேர்த்தா?"

போலீஸ்காரப் பெண் குழாயை நீட்டினார். லுட்கர் ஊதினார். கருவியைப் பார்த்துவிட்டு அந்தம்மா, "ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் எடுக்கணும், வாங்க" என்றார். அப்போதுதான் லுட்கரின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? வெறும் சைக்கிள்தானே!"

அந்தம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இந்த வார்த்தையை ஆல்வர்பெக்கில் வேறு யார் சொல்லியிருந்தாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சொன்னது லுட்கர். வியாழக்கிழமை தோறும் ஊர் மதுக்கடையில் மூலை மேசையில் இருபது வருடமாக அவர் பேசிவந்த பேச்சே வேறு.

"காருக்கு நம்பர் பிளேட் இருக்கு, சைக்கிளுக்கு ஏன் இல்ல?" என்று ஆரம்பிப்பார். "செவப்பு விளக்குல என் முன்னாடி பூந்து போறான், நான் பிரேக் அடிக்கிறேன், பின்னாடி தொட்டி இழுக்கற அய்ஹான் படியிலேர்ந்து விழப் பாக்குறான். அவன் யாரு, எந்த ஊரு? எப்படிக் கண்டுபிடிக்கிறது, பின்பக்கத்தை வெச்சா?"

"உன் லாரி ஒரு தடவ போற தேய்மானத்துக்கு என் சைக்கிள் ஆயிரம் வருஷம் அதே ரோட்டுல ஓடணும்டா" என்பார் கிஸ்பெர்ட். "எதுக்கு நான் வரி கட்டணும்? டயர்ல காத்து அடிச்சதுக்கா?"

"காருக்கு இன்சூரன்ஸ் கட்டறேன், வரி கட்டறேன், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வண்டியக் கொண்டுபோய்க் காட்டறேன். நீ என்னடா கட்டற? ஹெல்மெட்டுக்கு வாரா?"

எல்லாவற்றுக்கும் கடைசியில் குடிக் கணக்கு வரும். அந்த நாட்டில் கார்க்காரன் இரத்தத்தில் ஆயிரத்துக்கு அரைப் பங்கு சாராயம் இருந்தாலே தண்டனை. சைக்கிள்காரன் ஒன்றரையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகும்வரை, தடுமாறாமல் ஓட்டினால், அவனைத் தொட மாட்டார்கள். லுட்கருக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும். "மூணு மடங்குக்கு மேல! இது என்ன நியாயம்? ரோடு ஒண்ணு, சட்டம் ஒண்ணாத்தானே இருக்கணும்?" மேசையைக் குத்துவார். கிஸ்பெர்ட் தன் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் லுட்கரின் ரத்தம் அந்த மூன்று மடங்கையும் தாண்டியிருந்தது. எது சைக்கிள்காரனுக்கு அளவுக்கு மீறின சலுகை என்று அவர் இருபது வருடம் கத்தினாரோ, அதற்குள்ளேயே அவரால் அடங்க முடியவில்லை.

செப்டம்பரில் நீதிமன்றத்திலிருந்து அபராதம் வந்தது. கட்டினார். முடிந்தது என்று நினைத்தார். அக்டோபரில் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மருத்துவரும் உளவியல் மருத்துவரும் பரிசோதித்து, இவர் வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று சான்று தர வேண்டும். தராவிட்டால் லைசென்ஸ் போய்விடும். கார், லாரி, எல்லாம். ஊரில் அந்தச் சோதனைக்கு முட்டாள் சோதனை என்று பெயர். அதுவரை ஓட்டலாம். ஆகவே, வண்டி ஓட்ட யோக்கியனா என்று அரசாங்கம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஆள், தினமும் காலையில் அரசாங்கத்தின் இருபத்தாறு டன் லாரியைப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனார்.

லாரியின் பின்படியில் நிற்பவர் அய்ஹான். நாற்பது வயது, லாரி லைசென்ஸும் வைத்திருக்கிறார். லுட்கருக்கு லைசென்ஸ் போய்விட்டால் ஓட்டுநர் இருக்கை அவருக்குத்தான். இதை அவர் மறைக்கவில்லை.

"சீட்டு சூடு பண்ற பட்டன் எங்க இருக்கு தலைவரே? சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

"எறங்குடா."

"பின்னாடி இடம் நல்ல இடம். காத்தோட்டம். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயில்பாதைத் தெருவுக்குக் காகிதம் எடுக்கப் போவார்கள். அந்த நீலத் தொட்டியின் முன்னால் வந்ததும் அய்ஹான் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் வைப்பார். "தலைவரோட சொந்தக்காரர்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வார். லுட்கர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மெக்டில்ட், அவர் மனைவி, முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை. திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமையே வீட்டிலிருந்த பீர் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே ஆப்பிள் ஜூஸ்" என்றாள். அந்த நாளிலிருந்து அவர் பீரைத் தொடவில்லை. அதை நிரூபிக்க வேண்டும் என்றும் அலுவலகம் கேட்டது. தலைமுடியை வெட்டி அனுப்பினால் போதும் என்றார்கள். லுட்கர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். முடி இல்லை. எனவே அவர்கள் திடீர் திடீரென்று கூப்பிடும்போதெல்லாம் போய், ஒரு ஆள் பார்த்துக்கொண்டு நிற்க, குப்பியில் மூத்திரம் பெய்து கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆளுக்கும் பாவம் இதுதான் வேலை. இருவரும் வானிலை பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

கிஸ்பெர்ட்டுக்கு மனசு உறுத்தியது. வியாழக்கிழமை மேசையில் தான் ஒரு பீரும் லுட்கருக்கு ஆப்பிள் ஜூஸும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பாடம் எடுத்தார்.

"அங்க போய் எப்படிப் பேசணும்னு நான் சொல்றேன், கேட்டுக்கோ. 'நான் பொறுப்பான ஆளு. அதனாலதான் காரை வீட்லயே விட்டுட்டு சைக்கிள்ல போனேன்.' அவ்வளவுதான். எவனும் மறுக்க முடியாது."

"நீ பொறுப்பா என்னைத் தாண்டிப் போனியே, அந்த மாதிரியா?"

"டேய், நானும் மாட்டியிருந்தா உனக்கு இப்ப யாருடா ஜூஸ் வாங்கித் தருவா?"

இதை மறுநாள் லாரியில் கேட்ட அய்ஹான் தலையில் அடித்துக்கொண்டார். "என் மச்சான் அதையேதான் சொன்னான், தலைவரே. காரை வீட்ல விட்டேன், நான் நல்லவன். பெயில் போட்டுட்டாங்க. அந்த வார்த்தைக்காகத்தான் அவங்க காத்துட்டே இருப்பாங்களாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இதை உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் மெக்டில்ட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "இங்க பாரு லுட்கர்," என்றாள், "யாரு சொல்றதையும் கேக்காத. இருபது வருஷமா என்ன சொல்லிட்டிருந்தியோ அதையே போய்ச் சொல்லு. சைக்கிளும் வண்டிதான், சட்டம் ஒண்ணுதான். அவங்களுக்கு வேணுங்கறதும் அதுதானே? உன்னை மாதிரி அதை யாரு அடிச்சுச் சொல்ல முடியும்? நான் தூக்கத்துலயே கேட்டிருக்கேன்."

லுட்கருக்கு அது சரியாகப் பட்டது. பல மாதம் கழித்து அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டார்.

டிசம்பரில் ஒரு நாள், மதியத்துக்கு மேல், மூன்ஸ்டர் நகரத்தில் சோதனை. காரை மெக்டில்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஜூனிலிருந்து கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிளை இறக்கி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, கால்வாய் ஓரமாக மிதித்தார். முன்விளக்கு இன்னும் ஒயரில் ஆடிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றார். அவர் நின்ற இடத்தில் மாணவர்கள் இரண்டு பக்கமும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி போகிற போக்கில் மணி அடித்து அவரை நகரச் சொன்னாள்.

சோதனை அலுவலகத்தில் முதலில் திரையில் விளக்கு எரியும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு ஒரு மருத்துவர் கண்ணையும் கையையும் கல்லீரலையும் பார்த்தார். கடைசியில் உளவியல் மருத்துவர் அறை. டாக்டர் ஸீவரிங் என்று கதவில் போட்டிருந்தது. ஐம்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி. மேசைமேல் லுட்கரின் கோப்பு.

"விழுந்த அன்னைக்கு 'வெறும் சைக்கிள்தானே'ன்னு சொல்லியிருக்கீங்க. இங்க இருக்கு. அதுதான் உங்க கருத்தா?"

"இல்ல டாக்டரம்மா. அன்னைக்கு ஒரு நாள்தான் அப்படிச் சொன்னேன். அதுக்கு முன்னாடி இருபது வருஷமா மாத்தித்தான் சொல்லிட்டிருக்கேன். எங்க ஊர் மதுக்கடையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"மதுக்கடையில."

"ஆமா." அந்தச் சாட்சி அவ்வளவு நல்ல சாட்சி இல்லை என்று லுட்கருக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"சரி, என்ன சொல்லிட்டிருந்தீங்க?"

லுட்கர் சொன்னார். நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பித்தார். இன்சூரன்ஸ், வரி, வண்டிச் சோதனை, சிவப்பு விளக்கு. மேசையைக் குத்தப் போய், இது அந்த மேசை இல்லை என்று நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் குடிக் கணக்கு. ஒரே ரோடு, ஒரே அளவு. கார்க்காரனுக்கு என்னவோ அதேதான் சைக்கிள்காரனுக்கும். இவ்வளவு நன்றாக அவர் வியாழக்கிழமைகூடப் பேசியதில்லை. டாக்டரம்மா குறுக்கிடாமல் எழுதிக்கொண்டே வந்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். "அப்போ நீங்க சொல்ற சட்டம் இருந்திருந்தா, ஜூன் மாசம் உங்களுக்கு என்ன நடந்திருக்கும்?"

லுட்கர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

"கார்ல அந்த அளவுக்குக் குடிச்சிருந்தா?" என்று டாக்டரம்மா உதவினார்.

"லைசென்ஸை அங்கயே பிடுங்கியிருப்பாங்க."

"நேத்து என்ன வேலை பாத்தீங்க?"

"லாரி ஓட்டினேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். லுட்கருக்கு லாரியின் இருக்கை நினைவு வந்தது. பின்படியும் நினைவு வந்தது, ஜனவரி மாதம், கையுறை ஈரமாகி விரல் மரத்துப்போகிற காலை. இப்போது இருக்கிற சட்டம்தான் சரி, சைக்கிளுக்குக் கொஞ்சம் சலுகை இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிஸ்பெர்ட் இருபது வருடமாக அதைத்தான் சொல்கிறான். கிஸ்பெர்ட்டுக்கு இன்னும் லைசென்ஸ் இருக்கிறது.

"பிடுங்கியிருக்கணும்" என்றார் லுட்கர்.

டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்தார்.

"பிடுங்கலன்னு சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிக்கோங்க. ஜூன்லேர்ந்து ஒவ்வொரு நாளும் சாவியப் போடும்போது சந்தோஷப்பட்டேன், வெறும் சைக்கிளாப் போச்சேன்னு." தொப்பியை எடுத்து முட்டி மேல் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா திருவிழாவுக்கு காரை வீட்ல விட்டுட்டுப் போறேன். யாரையும் இடிச்சிரக் கூடாதுன்னு இல்ல. லைசென்ஸ் போயிரக் கூடாதுன்னு. சைக்கிள்ல போனா என்ன வேணும்னாலும் குடிக்கலாம்ல. அன்னைக்குத் தொட்டிக்குப் பதிலா ஒரு பொம்பளை தள்ளுவண்டியில குழந்தைய வெச்சுகிட்டு நின்னிருந்தா? தொட்டின்னா பரவால்ல, அது வேற ஆளுது..." இந்த இடத்தில் அவருக்கே என்ன சொல்கிறோம் என்று புரியாமல் போனது. "தொட்டி சரியாத்தான் நின்னுச்சு" என்று முடித்தார்.

"இப்ப குடிக்கறீங்களா?"

"ஆப்பிள் ஜூஸ்."

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு."

அதையும் எழுதிக்கொண்டார். இரண்டு மூன்று வாரத்தில் முடிவு தபாலில் வரும் என்றார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. லுட்கர் சைக்கிளின் உடைந்த விளக்கைப் பார்த்தார். ஊர் வரைக்கும் மிதிக்க முடியாது, விளக்கு இல்லை. சட்டப்படி இருபது யூரோ அபராதம். ரயில் நிலையம் வரை தள்ளிக்கொண்டு போய், ரயிலில் ஏற்றிவிடலாம் என்று தள்ள ஆரம்பித்தார். சாலையில் ஒருவரும் தள்ளிக்கொண்டு போகவில்லை. எல்லோரும் மிதித்தார்கள், பாதிப்பேருக்கு விளக்கு இல்லை. லுட்கர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு சைக்கிள் அவரைத் தாண்டியது. முன்விளக்கும் எரியவில்லை, பின்விளக்கும் எரியவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் கழுத்தைச் சுற்றிய கம்பளித் துணி தெரிந்தது.

"நல்லபடியா போயிட்டு வாங்க, ஐயா!" என்றார் டாக்டரம்மா, கையைக்கூட ஆட்டினார்.

லுட்கர் தொப்பியைத் தொட்டார். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. பேசாமல் இருக்க வேண்டும். அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை. அந்தம்மா அதை நாளைக் காலை ஒரு காப்பியைக் குடித்துக்கொண்டே எழுதப் போகிறார். மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மெக்டில்ட்டின் முகம் நினைவு வந்தது. அய்ஹான் பொத்தானைத் தேடுவது நினைவு வந்தது.

"விளக்கு!" என்று கத்தினார்.

சைக்கிள் நின்றது. டாக்டரம்மா ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"விளக்கு எரியல டாக்டரம்மா. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல." இவ்வளவு தூரம் வந்தாயிற்று, முழுதாகவே சொல்லிவிடலாம் என்று, "லாரி மேலேர்ந்து பாத்தா நீங்க இருக்கறதே தெரியாது. நான் திரும்பற எடத்துல நீங்க இருந்தீங்கன்னா, எனக்குச் சத்தம்தான் கேக்கும்" என்றார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா குனிந்து விளக்கை ஒரு தட்டுத் தட்டினார். எரியவில்லை. இன்னொரு தட்டு. நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வந்தது அவர் வாயில் தெரிந்தது. இரண்டே சொல், தான் அன்றைக்குச் சொன்ன அந்தப் பழைய வார்த்தையாகத்தான் இருக்கும் என்று லுட்கருக்குத் தோன்றியது. டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. இறங்கினார்.

இருவரும் ரயில் நிலையம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தூரம் அதிகமில்லை, ஆனாலும் அதிகமாக இருந்தது. மற்ற சைக்கிள்கள் இரண்டு பக்கமும் மணி அடித்துக்கொண்டு போயின. ஓர் ஆள், "நடக்கறதுன்னா ஓரமா நடங்க!" என்று திட்டிவிட்டுப் போனான். லுட்கர் இருபது வருடத்தில் முதல்முறையாக ஒரு சைக்கிள்காரனுக்குப் பதில் சொல்லவில்லை.

நிலையத்தின் முன்னால் டாக்டரம்மா, "உங்களுக்கு எந்த நடைமேடை?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"எனக்கு அந்தப் பக்கம்." கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனவர் நின்றார். "இது அறிக்கையில வராது."

"எது?" என்றார் லுட்கர். அந்தம்மாவின் பதில் ரயில் அறிவிப்பில் கேட்கவில்லை.

வீட்டில் மெக்டில்ட், "எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாப் போச்சு. கடைசியில டாக்டரம்மாவ சைக்கிள்லேர்ந்து எறக்கிவிட்டேன்."

மெக்டில்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "மழைக்கோட்டு பழசு கிழிஞ்சு கெடக்கு," என்றாள். "பின்படிக்கு வேற ஒண்ணு வாங்கணும்."

கிறிஸ்துமஸ் வரைக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. லுட்கர் லாரியை ஓட்டினார். ஓட்டும்போது இருக்கையின் சூட்டைக் குறைத்து வைத்துக்கொண்டார், பழகிக்கொள்ள. அய்ஹான் அதைக் கவனித்தார். அன்றிலிருந்து பொத்தான் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் தானாகவே, "பின்னாடி இடது பக்கம் நில்லுங்க, தலைவரே. வலது பக்கம் புகை வரும்" என்றார். அது கிண்டல் இல்லை என்பதுதான் லுட்கருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஜனவரியில் உறை வந்தது. லுட்கர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேகத்துக்குப் பொறுக்காமல் மெக்டில்ட் பிடுங்கிப் படித்தாள். ஆள் வண்டி ஓட்டத் தகுதியானவர். மது விஷயத்தில் தன் நடத்தையை உணர்ந்திருக்கிறார். சாலை விதிகளைச் சைக்கிளுக்கும் பொருந்துவதாக ஏற்கிறார். அதற்குப் பின்னால் இன்னொரு வரி இருந்தது. அதை மெக்டில்ட் இரண்டு முறை படித்தாள்: "இந்தக் கருத்தைத் தமக்குப் பாதகமான சூழ்நிலையிலும் இவர் கைவிடுவதில்லை."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"மழையில நடந்தோம்னு அர்த்தம்" என்றார் லுட்கர்.

வியாழக்கிழமை கிஸ்பெர்ட் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கினார். லுட்கருக்கு ஜூஸ். "அப்புறம் என்ன, ஜெயிச்சுட்ட. இனிமே என் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கேக்க மாட்டியே?"

"மொதல்ல உனக்குத்தான்டா மாட்டணும்" என்றார் லுட்கர். கிஸ்பெர்ட் தன் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார்.

மறு செவ்வாய்க்கிழமை காகிதம் எடுக்கும் நாள். இன்னும் விடியவில்லை, நல்ல குளிர். ரயில்பாதைத் தெருவில் நீலத் தொட்டி ஓரத்தில் ஒட்டி நின்றது. அய்ஹான் பின்படியிலிருந்து குதித்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கம் வைத்தார். லுட்கர் சூட்டுப் பொத்தானை மேலே ஏற்றிவிட்டு, முன்விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார்.

"பாத்தீங்களா," என்று அய்ஹான் தொட்டியிடம் சொன்னார், "பதில் வணக்கம்."